க்ரூஸ் போலாமா வேணாமா? சென்னைலேர்ந்து நாலு வழி, எது யாருக்கு சரி வரும்

ஸ்கூல் லீவு நெருங்கிட்டா வாட்ஸ்அப்ல எனக்கு வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். "நம்ம ஹார்பர்லேர்ந்தே க்ரூஸ் கிளம்புதாமே, அதுல போலாமா, இல்ல சிங்கப்பூர் போயி பெரிய கப்பலா பாத்து ஏறலாமா, இல்ல அந்த காசுக்கு அந்தமானே போயிட்டு வந்துடலாமா?" 2022 ஜூன்ல கார்டிலியா கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பல் சென்னைலேர்ந்து ஓட ஆரம்பிச்சப்பவே இந்த பேச்சு ஆரம்பிச்சிடுச்சு, வருஷா வருஷம் கேக்குறவங்க கூடிட்டேதான் போறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா எழுதிட்டா எல்லாருக்கும் ஆகும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், மீதி எல்லாம் இதுலேர்ந்துதான் வருது. க்ரூஸ்ல நீங்க காசு குடுக்குறது கப்பல்ல தங்கறதுக்கு. ஊர் பாக்குறது அதுல கொசுறு. இது புரிஞ்சு போனவங்க நல்லா என்ஜாய் பண்ணிட்டு வர்றாங்க, "ஒரே டிரிப்ல மூணு நாடு பாத்துடலாம்"னு போனவங்கதான் முகத்தை தொங்கப் போட்டுட்டு வர்றாங்க.

எதை வச்சு முடிவு பண்றது

ஸ்விம்மிங் பூல் போட்டோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வீட்ல உக்காந்து முதல்ல இதை பேசுங்க.

கூட யார் யார் வர்றாங்க? முட்டி வலியோட பெரியவங்க இருக்காங்களா, கைக்குழந்தை இருக்கா, யாராவது மாசமா இருக்காங்களா? பெரும்பாலான க்ரூஸ் கம்பெனிகள் ஆறு மாசம் ஆகாத குழந்தையையும், 24 வாரத்தை தொட்ட கர்ப்பிணியையும் ஏத்த மாட்டாங்க. புக் பண்ற அன்னிக்கு எத்தனை வாரம்ங்கறது கணக்கு கிடையாது, டிரிப் முடியறப்போ எத்தனை வாரம்ங்கறதுதான் கணக்கு.

அடுத்தது மொத்த செலவு, அதாவது விளம்பரத்துல போட்ட விலையை விட்டுட்டு, வீட்டுக்கு திரும்பி வந்து கணக்கு பாத்தா எவ்ளோ ஆயிருக்கும்ங்கறது. அப்புறம் கடல் உடம்புக்கு ஒத்துக்குமா. சைவமா, அசைவமா, மூணு வேளையும் என்ன சாப்புடுவீங்க. கடைசியா, கரையில இறங்கி ஊர் சுத்த எத்தனை மணி நேரம் கிடைக்கும். இந்த அஞ்சையும் வச்சுக்கிட்டு கீழ இருக்குறதை படிங்க.

1. சென்னை ஹார்பர்லேர்ந்து கிளம்புற க்ரூஸ்

இதோட பெரிய பலமே ப்ளைட் வேணாம்ங்கறது. பீச் ஸ்டேஷன்ல இறங்கினா ராஜாஜி சாலை, துறைமுகம் அங்கயே இருக்கு. இந்தியாவுக்குள்ளயே போற ரூட்டுன்னா பாஸ்போர்ட் தேவையில்ல, போட்டோ ஐடி போதும். காசும் ரூபாய்ல, டாலர் கணக்கு போட்டு தலை சுத்த வேணாம். பஃபேல நம்ம சாப்பாடு இருக்கும், ஜைன சாப்பாடு கூட கிடைக்கும், அதனால வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க பட்டினி கிடக்க மாட்டாங்க.

எம்ப்ரஸ் 1990ல கட்டுன கப்பல், முன்னாடி ராயல் கரீபியன் கிட்ட இருந்தது. சுமார் 210 மீட்டர் நீளம். நம்ம கண்ணுக்கு பிரம்மாண்டமா தெரியும், ஆனா இன்னிக்கு சிங்கப்பூர்ல நிக்குற கப்பல்களோட வச்சு பாத்தா சின்னது, கேபின்களும் சின்னது. ஜன்னல் இல்லாத உள்பக்க கேபின்ல நாலு பேர் படுக்கணும்னா ரெண்டு பேருக்கு மேல் பர்த்துதான், பெட்டியை கட்டிலுக்கு அடில தள்ளிட்டுதான் நடக்கணும். லைட்டை அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது. தூங்க மட்டும்தான் ரூமுக்கு வருவோம்னா அது போதும், பகல்ல சாயணும்னு நினைக்குற பெரியவங்க இருந்தா கொஞ்சம் கூட குடுத்து ஜன்னல் வச்ச கேபின் போடுங்க.

இது வருஷம் பூரா ஓடுற சர்வீஸ் கிடையாது, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. ஜூன் ஆரம்பிச்சா தென்மேற்கு பருவமழைல அரபிக்கடல் கொந்தளிப்பா இருக்கும், மும்பை பக்கம் ஓட்டறது கஷ்டம், அதனாலதான் அந்த மாசங்கள்ல கப்பல் இந்த பக்கம் வருது. மழை ஓய்ஞ்சா திரும்ப மும்பை. ரூட்டும் ஒவ்வொரு சீசனும் மாறும். 2023 ஜூன்ல அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கு போச்சு. அந்த மாதிரி ரூட் கிடைச்சா எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான், திருகோணமலைல கோணேஸ்வரம் கோயில், யாழ்ப்பாணம் பக்கம் காங்கேசன்துறைல இறங்கினா கீரிமலை பக்கத்துலயே இருக்கு, வண்டி புடிச்சா நல்லூர் கந்தசாமி கோயிலும் போயிட்டு வந்துடலாம். அதுக்கு பாஸ்போர்ட், விசா எல்லாம் வேணும்.

ஆனா "ஹை சீஸ்"னு ஒண்ணு விப்பாங்க, ரெண்டு நைட் மூணு நாள்னு போட்டிருக்கும். அது எந்த ஊருக்கும் போகாது. கப்பல் கடலுக்குள்ள போயி சுத்திட்டு அப்படியே திரும்பி வந்துடும். மூணு நாள்ங்கறதும் கணக்குக்குதான், முதல் நாள் மத்தியானம் ஏறி, மூணாவது நாள் காலைலயே இறக்கி விட்டுடுவாங்க, கூட்டி பாத்தா நாப்பது மணி நேரம் சொச்சம். முதல் தடவை போறவங்களுக்கு கடல் ஒத்துக்குதான்னு பாக்க இது நல்ல வழின்னு நான் சொல்லுவேன், ஆனா அதுக்குதான் போறோம்னு தெரிஞ்சு போங்க.

கிளம்புற சாயங்காலம் மட்டும் ரூமுக்குள்ள இருக்காதீங்க. மேல் டெக்குக்கு போயி கரை பக்கமா நில்லுங்க. ஹைகோர்ட்டோட சிவப்பு கோபுரங்க, கிரேன் வரிசை, அந்தப் பக்கம் மெரினா லைட் ஹவுஸ்னு, தினம் பஸ்ல போற ஊரை கடல்லேர்ந்து பாக்குறது தனி சந்தோஷம்.

2. சிங்கப்பூர் போயி பெரிய கப்பல்

ப்ளைட் நாலு மணி நேரத்துக்கு சொச்சம், அங்க மெரினா பே க்ரூஸ் சென்டர்ல ஏறணும். ராயல் கரீபியனோட குவாண்டம் வகை கப்பல்ல டெக்குக்கு மேல கண்ணாடி கூண்டுல ஏத்தி கடலை சுத்தி காமிப்பாங்க, நம்மளை காத்துல மிதக்க வைக்குற ஸ்கை டைவிங் மெஷின் இருக்கு, பசங்க வீட்டுக்கு வரவே மாட்டேன்னு சொல்லுவாங்க. ஜென்டிங் ட்ரீம் கப்பல்ல இந்திய சைவ சாப்பாட்டுக்கு தனி ஏற்பாடே உண்டு, நம்ம ஊர் குடும்பங்க நிறைய பேர் அதை எடுக்குறதுக்கு அதான் காரணம்.

மூணு நாலு நைட் ரூட்டுன்னா பெரும்பாலும் மலேசியாவுல பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்துல புக்கெட் இதுல ஒண்ணோ ரெண்டோ. இங்க ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க, டிக்கெட் போடற வெப்சைட்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பினாங்குல கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர்ல நேரா கரையோட ஒட்டி நிக்கும். இறங்கி பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா லிட்டில் இந்தியா, அங்க குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில், சுத்தி நம்ம ஆளுங்க கடை, ஓட்டல். டூர் எதுவும் வாங்காம நீங்களே சுத்திட்டு வந்துடலாம். புக்கெட்ல அப்படி இல்ல. பெரிய கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு வெளியவே நங்கூரம் போடும், சின்ன படகுல மாறி கரைக்கு போகணும். படகு மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்கும், அது மேல வர்ற நேரம் பாத்து கால் வைக்கணும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கை புடிச்சு இறக்குவாங்க. நமக்கு ஒண்ணும் இல்ல, முட்டி ஆபரேஷன் பண்ண அம்மாவுக்கு அது பெரிய விஷயம். அந்த படகுக்கு க்யூ வேற, அலை ஜாஸ்தியா இருந்தா இறக்காமலே கூட போயிடுவாங்க. அதனால பெரியவங்க கூட வந்தா பினாங்கு இருக்குற ரூட்டா பாத்து போடுங்க.

சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கான்னு கட்டாயம் பாருங்க, ஏன்னா கப்பல்ல வெளிய போயி திரும்ப சிங்கப்பூருக்குள்ளதான் வர்றீங்க, அது ரெண்டாவது என்ட்ரி. மலேசியா, தாய்லாந்து ரூல் எல்லாம் அப்பப்ப மாறும், போன வருஷம் போன சித்தப்பா சொன்னதை நம்பாம அந்தந்த நாட்டு வெப்சைட்டை பாத்துடுங்க. கப்பல் ஏறுற அன்னிக்கே ப்ளைட் புடிச்சு போற வேலை வேணவே வேணாம். ப்ளைட் லேட் ஆனா கப்பல் காத்திருக்காது. முந்தின நாளே போயி ஒரு ராத்திரி தங்குங்க, அந்த ஓட்டல் செலவையும் கணக்குல சேத்துக்குங்க.

3. அந்தமானுக்கு போற பயணிகள் கப்பல்

இதையும் க்ரூஸ்னு நினைச்சு கேக்குறாங்க. இது க்ரூஸே இல்ல, போக்குவரத்து. நன்கௌரி மாதிரி கப்பல்கள் சென்னைலேர்ந்து போர்ட் பிளேருக்கு, இப்போ பேரு ஸ்ரீ விஜயபுரம், மாசத்துல சில தடவை போகும். கிட்டத்தட்ட 1200 கிலோமீட்டர், மூணு நாள் ஆகும். பங்க் கிளாஸ்னா பெரிய ஹால்ல வரிசையா படுக்கை, அதுக்கு மேல கேபின் வகைங்க உண்டு. கேன்டீன் சாப்பாடு, ஷோ கிடையாது, நீச்சல் குளம் கிடையாது. தேதி முன்கூட்டியே நிச்சயமா தெரியாது, மாறவும் செய்யும், லீவு அளந்து எடுத்திருக்குற ஐடி ஆளுங்களுக்கு இது சரிப்பட்டு வராது.

ஆனா கடலை கடலாவே பாக்கணும்னு ஆசை உள்ளவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ராத்திரி டெக்ல லைட் கம்மி, வானம் முழுக்க நட்சத்திரம், பக்கத்துல ஊருக்கு திரும்புற அந்தமான் தமிழ் குடும்பம் சாப்பாட்டை பிரிச்சு நமக்கும் ஒரு கை குடுக்கும். போறப்போ கப்பல், வர்றப்போ ப்ளைட்னு போட்டுக்கிட்டா நல்லது. யாழ்ப்பாணம் பாக்கறதுதான் ஆசைன்னா நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நடுவுல நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓட ஆரம்பிச்சது. நாலு மணி நேரம் மாதிரிதான் ஆகும், மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க.

4. கப்பலே வேணாம், ப்ளைட்ல போயி ஊர்ல தங்கறது

அந்தமானுக்கு ப்ளைட்ல ரெண்டே கால் மணி நேரம். ஹேவ்லாக் தீவுல ரெண்டு நாள், நீல் தீவுல ஒரு நாள்னு நம்ம இஷ்டத்துக்கு இருக்கலாம், பிடிச்ச பீச்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காரலாம். க்ரூஸ்ல அது நடக்காது, "அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்கு வந்துடணும்"னா வந்துதான் ஆகணும். இங்க இன்னொரு பக்கம், பெட்டி கட்டறது, டாக்ஸி பேரம், ஓட்டல் தேடறதுன்னு அலைச்சல் முழுக்க நம்ம தலைலதான். வீட்ல ஒருத்தர்தான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டு செய்யறாங்கன்னா, பெரும்பாலும் அது அம்மாவாத்தான் இருக்கும், அவங்களுக்கு இது லீவே கிடையாது. க்ரூஸ்ல அவங்களுக்கு சமையல் இல்ல, பேக்கிங் இல்ல, "அடுத்து என்ன"ன்னு யோசிக்கிறது இல்ல. இதை நான் பெரிய விஷயமா பாக்குறேன்.

ஒரே பார்வைல

| | சென்னை க்ரூஸ் | சிங்கப்பூர் க்ரூஸ் | அந்தமான் கப்பல் | ப்ளைட் + ஓட்டல் |
|---|---|---|---|---|
| பாஸ்போர்ட் | உள்நாட்டு ரூட்டுக்கு வேணாம் | கட்டாயம், விசாவும் | வேணாம் | ஊரை பொறுத்து |
| ஊர் சுத்த நேரம் | கம்மி, சில சமயம் சுத்தமா இல்ல | ஒரு ஊருக்கு சில மணி நேரம் | போயி சேந்தப்புறம் எவ்ளோ வேணாலும் | முழுசா |
| பசங்களுக்கு | நல்லா போகும் | ரொம்ப நல்லா போகும் | போரடிக்கும் | நாம பாத்துக்கணும் |
| பெரியவங்களுக்கு | வசதி | படகுல இறக்குற ஊர்னா கஷ்டம் | கஷ்டம் | அலைச்சல் |
| மறைமுக செலவு | இருக்கு | நிறைய | ரொம்ப கம்மி | வண்டி, சாப்பாடு |

விளம்பர விலைல வராத செலவு

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, போட்டிருக்குற விலை ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கறதா வச்சு. மூணாவது நாலாவது ஆளுக்கு குறையும், தனியா போனா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு. அது மேல போர்ட் சார்ஜ், வரி, சில சமயம் எரிபொருள் சர்சார்ஜ். பேமென்ட் பக்கத்தோட கடைசி ஸ்க்ரீன் வரைக்கும் போயி வர்ற தொகையை மட்டும் நம்புங்க. வெளிநாட்டு பேக்கேஜ்னா டிசிஎஸ்னு ஒரு வரியை புக் பண்றப்பவே புடிப்பாங்க, இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆனா இப்போ கைலேர்ந்து போகும்.

டிப்ஸ். வெளிநாட்டு கப்பல்ல இது நம்ம இஷ்டம் மாதிரி இருக்காது, பில்லுலயே ஏறிடும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15லேர்ந்து 20 டாலர் வாக்குல. நாலு பேர், நாலு நைட்னா 240லேர்ந்து 320 டாலர். குழந்தைக்கும் உண்டு. இதை கணக்குல சேக்காம போயிட்டு கடைசி நாள் கவுன்ட்டர்ல சண்டை போடறவங்களை பாத்தா பாவமா இருக்கும், அந்த காசு ரூம் கூட்டுறவங்களுக்கும் பரிமாறுறவங்களுக்கும் போற சம்பளத்துல ஒரு பகுதிதான்.

கூல்ட்ரிங்க்ஸ், மாக்டெயில், சரக்கு, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா எல்லாம் தனி. கப்பலுக்குள்ள பர்ஸை எடுக்கவே மாட்டோம், ரூம் கார்டை தேச்சா பில்லுல ஏறும். பசங்க கைல கார்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் கலர் கலரா ஒண்ணு வாங்கிட்டு வருவாங்க. ஏறின உடனே கெஸ்ட் சர்வீஸ்ல சொல்லி பசங்க கார்டுல செலவை நிறுத்தி வைக்கலாம். போனை ஏர்ப்ளேன் மோடுல போட்டுடுங்க, நடுக்கடல்ல கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க் தானா கனெக்ட் ஆச்சுன்னா ரோமிங் பில் பயமுறுத்திடும். வைஃபை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்குங்க, பெரும்பாலும் விலை குறைவா இருக்கும்.

டிராவல் இன்சூரன்ஸ் இல்லாம வெளிநாட்டு கப்பல்ல ஏறாதீங்க. கப்பல்ல டாக்டர் இருப்பார், ஆனா பீஸ் ஜாஸ்தி, நம்ம ஊர் ஹெல்த் பாலிசி பெரும்பாலும் அங்க செல்லாது.

குமட்டல், பயம், பெட்டி

பெரிய கப்பல்ல ஸ்டெபிலைசர் இருக்கு, ஆடவே ஆடாதுன்னு ஏஜென்ட் சொல்லுவார். ஆடும், கம்மியா ஆடும். பஸ்ல மலை ஏறுனா வாந்தி வர்றவங்களுக்கு கப்பல் நடுப்பகுதில, கீழ் டெக்ல கேபின் கேளுங்க, ஆட்டம் அங்கதான் குறைவு. பால்கனி கேபின்னு ஆசைப்பட்டு முன்பக்கம் உச்சில எடுத்துட்டு ரெண்டு நாளும் படுத்தே கிடக்குறது என்ன லாபம். அவோமின் மாதிரி மாத்திரையை குமட்டல் வந்தப்புறம் போட்டு புண்ணியம் இல்ல, முன்னாடியே போடணும். கண்ணுல பிரஷர், புராஸ்டேட் பிரச்சனை உள்ள பெரியவங்க டாக்டரை கேக்காம அதை தொடவே கூடாது. இஞ்சி மரப்பா ஒரு டப்பா கைல வச்சுக்குங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வங்கக்கடல்ல புயல் சீசன், அந்த மாசத்துல ரூட் மாறும், கேன்சல் ஆகும், இதுக்கு மனசை தயார் பண்ணிக்குங்க.

வயசானவங்க சிலர் கப்பல்னாலே தயங்குவாங்க. அதுக்கு காரணம் இருக்கு. 1926ல கட்டுன ரஜூலா கப்பல்ல மெட்ராஸ், நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு தலைமுறை தலைமுறையா போனவங்க நம்மாளுங்க, அதுக்கப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரில நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல பேர் உயிர் போச்சு, அதோட அந்த சர்வீஸே முடிஞ்சு போச்சு. அவங்களை கேலி பண்ணாதீங்க. இப்போ ஏறின அன்னிக்கே எல்லாரையும் கூட்டி லைஃப் ஜாக்கெட் எப்படி போடறது, எந்த இடத்துல வந்து நிக்கணும்னு காமிப்பாங்க. 2012ல இத்தாலில கோஸ்டா கான்கார்டியாங்கற க்ரூஸ் கப்பல் சாய்ஞ்சு 32 பேர் இறந்தப்புறம் இந்த ரூல் இன்னும் கடுமையாச்சு. தாத்தா பாட்டி கைய புடிச்சு அந்த இடத்துக்கு கூட்டிட்டு போயி காமிங்க, பாதி பயம் போயிடும்.

பெட்டில அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் வச்சா எடுத்து வச்சுப்பாங்க. சாமிக்கு விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் ஏத்த முடியாது. வீட்ல செஞ்ச புளியோதரையும் பெரும்பாலும் உள்ள விட மாட்டாங்க, சீல் பண்ண பாக்கெட்னா பிரச்சனை இல்ல. பெரிய பெட்டியை ஏறுறப்போ வாங்கி வச்சுட்டு சாயங்காலமாத்தான் ரூம் வாசல்ல கொண்டு வந்து வைப்பாங்க, அதனால மாத்திரை, மாத்து துணி, குழந்தை சாமான் எல்லாம் கைப்பைல இருக்கட்டும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவுங்க, கப்பல்ல பரவுற நோரோவைரஸ் வயித்துப்போக்குக்கு சானிடைசர் மட்டும் பத்தாது.

சரி, எது யாருக்கு

சின்ன பசங்க, பெரியவங்க எல்லாம் சேந்த கூட்டுக் குடும்பம், முதல் தடவை, லீவு கம்மின்னா சென்னை க்ரூஸ். பத்து வயசு தாண்டின பசங்க, பாஸ்போர்ட் இருக்கு, பட்ஜெட்டும் இருக்குன்னா சிங்கப்பூர், கூட ரெண்டு நாள் சேத்து அந்த ஊரையும் பாத்துட்டு வாங்க. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு நான் க்ரூஸ் சொல்றதில்ல, கூட்டமும் மைக் சத்தமும் ஜாஸ்தி, ஹேவ்லாக்தான் சரி. காலேஜ் பசங்க, லீவு நிறைய, காசு கம்மின்னா அந்தமான் கப்பல்.

அம்மா அப்பாவை மட்டும் அனுப்புறதா இருந்தா சென்னைலேர்ந்து ரெண்டு நைட்டே போதும். ஜன்னல் வச்ச கேபின், லிஃப்டுக்கு பக்கத்துல வேணும்னு கேட்டு வாங்குங்க, வெப் செக்-இன் நீங்களே முடிச்சு பிரிண்ட் எடுத்து கைல குடுத்துடுங்க. ஹார்பர் வாசல்ல கூட்டமா இருக்கும், வீல்சேர் வேணும்னா புக் பண்றப்பவே சொல்லிடணும், அங்க போயி கேட்டா லேட் ஆகும்.